தாளில்லாப் பெட்டி



வானில் பறக்கும் விமானத்தையோ கடலில் மிதக்கும் போர்க்கப்பலையோ ஒரு குறித்த விகிதத்தில் சுருக்கி, மேஜைமேல் நிறுத்தும் அளவிற் செய்து மகிழும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இதில் ஈடுபட்டிருப்போர் சிறுவர்கள் மட்டுமல்லர். தலை நரைத்தவர்களும் இரவு நெடுநேரம் விளக்கடியில் அமர்ந்து இதே வேலையாக இருப்பதுண்டு. இதற்கென்று கடைகளிற் பெட்டிகள் விற்கின்றன. பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இராது. விமானத்தின் உறுப்புக்களே இருக்கும். கொடியிற் காய்கள் தொங்குவதுபோல, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கையும் சக்கரமும் விமானியின் ஆசனமும் தத்தம் எண்களுடன் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நறுக்கியெடுத்து, முறைப்படி ஒட்டி, வர்ணம் தீட்டவேண்டும். 'முறைப்படி' என்றேன். அம்முறையைச் சொல்லும் தாள் ஒன்றும் பெட்டிக்குள் இருக்கவேண்டும். அந்தத் தாளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இப்பொழுதுபோக்கினர் நால்வர் ஓரிடத்திற் கூடினால், அவர்களுடைய கேலிப் பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே வரும். ஒன்று, செய்முறைத் தாளின் விபரீதமான மொழிபெயர்ப்பு. தாளைப் படித்து விமானத்தைச் செய்வது பழைய வழக்கம்; விமானத்தைச் செய்து முடித்துவிட்டு, அதனைப் பார்த்துத் தாளின் வாக்கியத்துக்குப் பொருள் காண்பதே இப்போதைய வழக்கம் என்று சிரிப்பார்கள். மற்றொன்று, அந்தத் தாளே பெட்டிக்குள் இல்லாமற் போவது. முதற் கேலியில் நானும் கலந்துகொள்வேன். இரண்டாவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1936-இல் இங்கிலாந்தில் 'ஃப்ராக் பெங்குவின்' என்ற பெயரில் விமானப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஏன் இந்த விந்தையான எண்? ஆறு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 72-இல் ஒன்று ஆகிவிடும்; அவ்வளவுதான் கணக்கு. 'ஸ்பிட்ஃபயர்' விமானத்தின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 11 மீட்டருக்குச் சற்று அதிகம். மாதிரியில் அது ஏறத்தாழ 15½ சென்டிமீட்டர். 1952-இல் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் டிரேக் என்ற மாலுமியின் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலை மாதிரியாக வெளியிட்டது. இரண்டு ஷில்லிங்குக்கு விற்கவேண்டும் என்பதற்காக அட்டைப் பெட்டியைக் கைவிட்டு, உறுப்புக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு, பையின் வாயை மடித்த காகிதத்தால் மூடினார்கள். அந்தக் காகிதத்திலேயே செய்முறையும் அச்சிடப்பட்டிருந்தது. பெட்டியை விட்டார்கள், காகிதத்தை விடவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறைத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பசையின் தன்மையை அறியவேண்டும். இம்மாதிரிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. இதற்குரிய பசை நம் வீட்டுக் கோந்தைப்போல இரு பொருள்களுக்கு நடுவே நின்று பிடித்துக்கொள்வதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சிறிது கரைத்துவிடுகிறது. கரைந்த இரு பரப்புக்களும் ஒன்றோடொன்று கலந்து, பசை ஆவியானதும் ஒரே பொருளாக இறுகிவிடுகின்றன. ஆகவே, ஒட்டியதை நோகாமற் பிரித்தெடுப்பது அரிது. ஆசனத்தை வைக்காமல் உடலின் இரு பாதிகளையும் மூடிவிட்டால், பிறகு விமானி நின்றுகொண்டுதான் பறக்கவேண்டும்! 'பி-38 லைட்னிங்' போன்ற, மூக்கின் கீழ்ச் சக்கரம் உள்ள விமானங்களில் இன்னொரு தொல்லை உண்டு. மூடுவதற்கு முன் மூக்கினுள் சிறிது ஈயக் குண்டு வைக்கவேண்டும். வைக்கத் தவறினால், எல்லாம் முடிந்து வர்ணமும் பூசி மேஜைமேல் நிறுத்தும்போது, விமானம் வால் தரையில் இடிக்க மூக்கை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு வரி படிக்கப்படாததன் பயன் அது. அல்லது, அந்த வரி படிக்க இயலாதபடி எழுதப்பட்டதன் பயன்.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானின் ஷிஸுவோக்கா நகரம் இத்தொழிலுக்குத் தாயகமாயிற்று. அந்நகரத்துத் 'தமியா' நிறுவனம் 1946-இல் மரவியாபாரமாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அவர்கள் வெளியிட்ட 'பாந்தர்' என்ற ஜெர்மானிய டாங்கியின் உள்ளே மோட்டாரும் மின்கலமும் அடங்கவேண்டியிருந்ததால், அதன் அளவு ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒன்று என்றாயிற்று. அதுவே பின்னர் உலகமெங்கும் டாங்கி மாதிரிகளுக்கு வழக்கமான அளவாகிவிட்டது. பொருள் கடல் கடந்தபோது தாளும் உடன் கடந்தாகவேண்டும். கடந்த இடத்திலேதான் மொழி இடறியது.

இடறியதற்கு எழுதியவரின் அறியாமை மட்டும் காரணமன்று. ஜப்பானிய மொழி நம் மொழியைப்போலவே வினையை வாக்கியத்தின் இறுதியில் வைக்கிறது. எதிர்மறையையும் அந்த வினையின் வாலிலேயே முடிந்துவிடுகிறது. 'ஒட்டுக' என்பதற்கும் 'ஒட்டற்க' என்பதற்கும் நம்மிடம் உள்ள வேறுபாடு எத்தனை சிறியது பாருங்கள். அந்த வாலை நழுவவிட்டு மொழிபெயர்த்தால், சுழலவேண்டிய சக்கரம் என்றைக்கும் சுழலாதபடி இறுகிவிடும். எழுவாயைச் சொல்லாமல் விடுவதும், ஒருமை பன்மையைச் சுட்டாமல் விடுவதும் அம்மொழியில் இயல்பு. நாமும் 'இரண்டு சக்கரம்' என்று சொல்பவர்கள்தாமே! சொல்வோனும் கேட்போனும் எதிரெதிரே இருந்தால் இதனால் இடரில்லை. சக்கரத்தை ஒட்டு என்றால் ஒன்றையா இரண்டையா என்று அயல் நாட்டான் ஒருவன் தனியே அமர்ந்து யோசிக்கும்போதுதான் இடர்.

ஒலியும் சேர்ந்து விளையாடுகிறது. ரகரமும் லகரமும் ஜப்பானியரின் செவிக்கு வேறல்ல. வலப்பக்கத்தைக் குறிக்கும் 'ரைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும், விளக்கைக் குறிக்கும் 'லைட்' என்ற சொல்லையும் அவர்களுடைய எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒரே வடிவம் பெறும். வலப்பக்க இறக்கை விளக்கு இறக்கையாகிவிடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிற்காலத்தில் சீனத்திலிருந்து பெட்டிகள் வரத் தொடங்கின. அம்மொழியில் 'ஜியாவ்' என்ற ஓர் எழுத்து பசையையும் குறிக்கும், ரப்பரையும் குறிக்கும். தென்சீனத்தில் பிளாஸ்டிக்கையும் குறிக்கும். பசையைப் பசைமேல் பசையால் ஒட்டச் சொல்லும் வாக்கியம் பிறப்பதற்குரிய வளமான நிலம் அது. இந்த ஆங்கிலத்தைத் தமிழ் மாணவன் ஒருவன் கையில் எடுத்தால் அவன் நிலைமை இன்னும் வேடிக்கை. எழுதியவனுக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று, படிப்பவனுக்கும் அன்று.

ஆயினும் நல்ல மொழியில் எழுதப்பட்ட தாளெல்லாம் நல்ல தாள் என்று எண்ணிவிடாதீர்கள். 'இடப்பக்கம்' என்று எழுதியிருக்கும். யாருக்கு இடம்? விமானத்துக்குள் அமர்ந்து முன்னோக்கும் விமானிக்கா, மாதிரியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு எதிரே இருக்கும் சிறுவனுக்கா? இதனைச் சொல்லாத தாள் எந்த மொழியில் இருந்தாலும் குறையுடையதே. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் தெரிந்தவனுக்குத் தெரியாதவனுடைய மனம் தெரிவதில்லை; அதுதான் தொல்லை. வகுப்பில் நான் மாணவர்களைக் காகிதக் கப்பல் செய்யும் முறையைப் படமின்றி எழுதச் சொல்லி, எழுதியதை அடுத்த பெஞ்சுக்காரனிடம் கொடுத்து, எழுதியபடியே செய்யச் சொல்வதுண்டு. எல்லோரும் அறிந்த தமிழில்தான் எழுதுவார்கள். கப்பல்கள் வெளிவரும் கோலத்தைக் காணவேண்டும்! 'பின்பு மடிக்கவும்' என்று ஒரு மாணவன் எழுதிவிட்டு, எங்கே மடிப்பது என்று கேட்ட தோழனிடம், மடிக்கிற இடத்தில் என்று கோபித்துக்கொண்டான்.

தாள் சரியாக இருந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1942-இல் அமெரிக்கக் கடற்படைக்கு, விமானங்களை நிழலுருவத்தாலேயே நண்பன் எவன், பகைவன் எவன் என்று இனங்காணப் பயிற்றுவதற்காக ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் தேவைப்பட்டன. அவ்வேலை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வரைபடங்கள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. மாணவர்கள் மரத்தைச் செதுக்கி, அதே 72-இல் ஒரு பங்கு அளவில் விமானங்கள் செய்தார்கள். அத்தகைய மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், உண்மையான விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தொலைவிற் பார்ப்பதற்குச் சமம். ஒருவரையொருவர் காணாத பிள்ளைகள், நாட்டின் வெவ்வேறு மூலைகளில் இருந்துகொண்டு ஒரே வடிவத்தைச் செய்ய முடிந்ததென்றால், அதற்குத் துணை நின்றது அவர்கள் கைக்கு வந்த தாள்.

மொழி இடறுகிறது என்பதனால் மொழியையே நீக்கிவிட்டாலென்ன என்று தயாரிப்பாளர்கள் எண்ணினார்கள். முற்காலத்து ஏர்ஃபிக்ஸ் தாள்களில் ஒவ்வோர் உறுப்பின் பெயரும் சொல்லி, இன்னதை இன்னதோடு ஒட்டுக என்று வாக்கியங்களாக எழுதியிருந்தார்கள். படிக்கும் பிள்ளை விமானத்தின் உறுப்புப் பெயர்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். பின்னர் படமே எல்லாம் ஆயிற்று. பசைக் குழாயின் படம் இருந்தால் ஒட்டவேண்டும்; அதன்மேல் குறுக்குக் கோடு இருந்தால் ஒட்டலாகாது. படத்தை உலகப் பொதுமொழியாக்கும் ஆசை, 1920களில் வியன்னா நகரில் ஆட்டோ நாய்ரத் என்ற அறிஞர் புள்ளிவிவரங்களைப் படங்களாக்கிக் காட்டிய முயற்சியிலேயே தெளிவாகக் காணப்படுவது. நல்ல ஆசைதான். ஆனால் 'இல்லை' என்று சொல்லப் படத்துக்குத் தெரியாது. குறுக்குக் கோட்டைத் துணைக்கு அழைக்கவேண்டியிருக்கிறது. 'ஏனெனில்' என்பதையோ அதனால் சொல்லவே முடியாது. காரணம் தெரியாமற் செய்கிறவன், உறுப்பு ஒன்று உடைந்துபோனால் மேலே என்ன செய்வதென்று அறியாமல் நின்றுவிடுவான்.

இப்போது இரண்டாவது கேலிக்கு வருகிறேன். அண்மைக் காலத்தில் சிறு தயாரிப்பாளர் சிலர் தாளையே வைப்பதில்லை. பெட்டியில் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டங்கள் நிறைந்த 'க்யூஆர்' குறி ஒன்று இருக்கும்; கைப்பேசியை அதன்மேற் காட்டினால் செய்முறை எங்கிருந்தோ வந்து திரையில் தோன்றும். இதில் நன்மை இல்லாமலில்லை. அச்சுச் செலவு இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிழை கண்டால் தயாரிப்பாளர் அன்றே திருத்திவிடலாம். பசை படிந்த கட்டைவிரலால் கண்ணாடித் திரையைத் தடவுகிறவனுடைய அவதியைக்கூட நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. மொழியையும் இயந்திரமே பெயர்த்துத் தருகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். பழைய மொழிபெயர்ப்பு தன் பிழையை மறைக்கத் தெரியாதது. வாக்கியம் கோணலாக இருப்பதைக் கண்டதுமே படிப்பவன் விழித்துக்கொண்டு, உறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருத்திவிடுவான். இயந்திரம் இப்போது இலக்கண சுத்தமாக எழுதுகிறது. தவறாகச் சொல்லும்போதும் அதே சுத்தத்தோடு சொல்கிறது. கோணல் வாக்கியத்தைக் காட்டிலும் இதனிடத்தில் எனக்கு அச்சம் அதிகம்.

அதைவிடப் பெரிய குறை வேறு. இப்பொழுதுபோக்கினர் வாங்குகிற பெட்டிகளை உடனே திறந்து செய்துவிடுபவர்கள் அல்லர். அலமாரியில் அடுக்கிவைப்பார்கள், இருபது ஆண்டு, முப்பது ஆண்டு காத்திருக்கும் பெட்டிகளும் உண்டு. அடுக்கிய பெட்டிகள் ஆயுளைவிட நீளமானவை என்று தங்களைத் தாங்களே அவர்கள் கேலி செய்துகொள்வார்கள். பிளாஸ்டிக் காத்திருக்கும். தயாரிப்பாளர் காத்திருப்பாரா? கடையை மூடிவிட்டால் அந்தக் கட்டக் குறி எதனையும் திறக்காத சாவியாகிவிடும். 'ஃப்ராக்' மாதிரிகளின் உற்பத்தி 1976-இல் நின்றுபோனது. அதன் பழைய பெட்டிகளை இன்றும் வாங்கிச் செய்கிறார்கள் என்றால், தாள் உள்ளே இருப்பதனாலேயே. தாள் தொலைந்த பெட்டிக்கும், யாரோ ஒருவர் தம்மிடமுள்ள தாளைப் படியெடுத்து உதவுகிறார். எத்தனை மோசமான ஆங்கிலமாயினும் சரி, கையில் இருப்பதை உற்றுப் பார்த்துப் பொருள் காணலாம். இல்லாததை எப்படி உற்றுப் பார்ப்பது?

கையில் இருக்கும் தாளுக்கு இன்னொரு குணமும் உண்டு. செய்து முடித்த ஒவ்வொரு படியின்மேலும் பென்சிலால் ஒரு குறி இடுவது பலருடைய வழக்கம். முன்னொருவர் தொடங்கிப் பாதியில் விட்ட பெட்டி விலைக்கு வருவதுண்டு. உள்ளே அரைகுறையாக ஒட்டிய உடலும், மஞ்சளித்த தாளும் இருக்கும். குறிகள் ஏழாம் படிவரை வந்து நின்றிருக்கும். வாங்கியவர் பென்சிலைச் சீவிக்கொண்டு எட்டாம் படியிலிருந்து தொடங்குவார்.