இளங்குதிரையின் முதல் சவாரி



சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் சாலை என்று ஒன்று உண்டு. வாழையிலைச் சாப்பாட்டுக்காகவே அங்குப் போய்வருபவர்கள் நம்மில் பலர். அந்தச் சாலைக்குப் பெயரைத் தந்த பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில் இருந்தது. 1933ஆம் ஆண்டில் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியது. பின்னர் கிராஞ்சிக்குப் போயிற்று. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் நடந்த கடைசிப் பந்தயத்தோடு சிங்கப்பூரில் அது முடிந்துபோனது. இத்தனை ஆண்டுகளும் நம் மக்கள் குதிரைகளைப் பார்த்தார்கள். ஆனால் ஒன்றை மட்டும் அனேகமாக யாருமே பார்க்கவில்லை. இங்கு வந்த குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. அங்கேயே சவாரிக்குப் பழக்கப்பட்டவை. ஒரு மனிதன் முதன்முதலாகத் தன் முதுகில் ஏறிய அந்த நாளில் அந்தக் குதிரை என்ன நினைத்தது, என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாது. இன்று நாம் பேசப்போவது அந்த நாளைப் பற்றியும், அதற்கு முந்திய பல நாட்களைப் பற்றியும்தான்.

"குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்பார்கள் நம் பெரியவர்கள். குதிரையைத் திட்டுவதற்காகச் சொன்ன பழமொழி அது. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. கொம்பில்லாத, புல் தின்னும் விலங்கு அது. அதற்கு இருக்கும் காப்பு ஓட்டமும் உதையும்தான். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டமாகச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும்தான் அதற்குத் தெரியாது. காட்டில் குதிரையின் முதுகில் பாய்ந்து ஏறுவது எது? சிங்கமும் புலியும் போன்ற கொல்லும் விலங்குகள்தாம். ஆகவே மனிதன் முதுகில் ஏறும்போது இளங்குதிரை துள்ளினால் அது முரட்டுத்தனம் அன்று. உயிர் பிழைக்க வேண்டும் என்னும் இயல்பு. இதைப் புரிந்துகொள்ளாதவர் குதிரையின் பக்கத்திலேயே போகக்கூடாது என்பது எங்கள் கருத்து.

முதலில் வயதைப் பார்ப்போம். பந்தயக் குதிரைகளை ஒன்றரை வயதிலேயே சேணத்துக்குப் பழக்கி, இரண்டு வயதில் ஓடவிடும் வழக்கம் உண்டு. சாதாரணச் சவாரிக் குதிரைக்கு அந்த அவசரம் தேவையில்லை. எலும்புகளின் நுனியில் வளர்ச்சிக்கென்று மெல்லிய குருத்துப் பகுதிகள் உள்ளன. முன்காலில் முழங்காலுக்கு மேலுள்ள பகுதி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதில் இறுகி எலும்பாகிறது. முதுகெலும்பின் பகுதிகள் எல்லாவற்றுக்கும் பிந்தி, ஐந்து வயதுக்கு மேலும்கூட முற்றிக்கொண்டிருக்கும். நாம் உட்காரும் இடமே அந்த முதுகுதான் அல்லவா? அதற்காக ஐந்து வயதுவரை குதிரையைச் சும்மா கட்டிவைப்பதும் சரியன்று. இளமையில் அளவான ஓட்டம் எலும்பை உறுதியாக்குகிறது என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஓட்டம் வேறு, சுமை வேறு. மூன்று வயதில் தொடங்கி, குறைந்த எடையுள்ளவர் சில நிமிடங்கள் மட்டும் ஏறி இறங்குவது என்ற நடுவழியையே நாங்கள் பின்பற்றுகிறோம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. இளங்குதிரைக்கு அதைவிட நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சேணத்தைத் தொடுவதற்கு முன் கால்நடை மருத்துவரை அழைத்து வாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால் சில குதிரைகளுக்கு ஒரு சிறு பல் முளைத்திருக்கும். அது எதற்கும் பயன்படாது. கடிவாளத்தின் வாயிரும்பு அதில் பட்டால் வலிக்கும். இரண்டரை வயதில் முன்பக்கத்துப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்களும் வருகின்றன. வாய்வலியோடு தலையை உதறும் குதிரையைப் 'பிடிவாதக் குதிரை' என்று அடித்துக் கெடுத்தவர்கள் உண்டு. குற்றம் பல்லில் இருக்க, தண்டனை முதுகில் விழுகிறது.

இனிப் பாடத்துக்கு வருவோம். குதிரை எப்படிக் கற்றுக்கொள்கிறது? நெரிசலான பேருந்தில் நிற்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் முழங்கை விலாவில் அழுத்துகிறது. நாம் சற்று நகர்கிறோம், அழுத்தம் போய்விடுகிறது. மறுபடி அழுத்தினால் இம்முறை உடனே நகர்கிறோம். குதிரையின் கல்வி முழுவதும் இதுதான். விரல் நுனியால் விலாவில் மெதுவாக அழுத்த வேண்டும். குதிரை ஓர் அங்குலம் விலகினாலும் அந்தக் கணமே விரலை எடுத்துவிட வேண்டும். அழுத்துவதனால் அது கற்பதில்லை, எடுப்பதனால்தான் கற்கிறது. எடுக்கத் தாமதித்தால், தான் செய்தது சரியா தவறா என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். தலைக்கயிற்றைப் பிடித்து நடத்துவது, நிறுத்துவது, பின்வாங்கச் செய்வது, பின்பாகத்தை நகர்த்தச் செய்வது ஆகிய எல்லாவற்றையும் தரையில் நின்றே இப்படிக் கற்பித்துவிடலாம். கற்றுக்கொண்ட குதிரைக்கு, பிறகு நம் கால் விலாவில் படும்போது அதன் பொருள் முன்பே தெரிந்திருக்கும்.

இடப்பக்கம் காட்டிய எதையும் வலப்பக்கமும் புதிதாகக் காட்ட வேண்டும். இடப்பக்கம் நின்று சேணம் போடுவதும் ஏறுவதும், இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம் என்பார்கள். நம் இடுப்பில் வாள் இல்லை. இருந்தும் இடப்பக்கமே நின்று பழக்கிவிட்டு, ஒரு நாள் வலப்பக்கம் கையை வீசியதும் குதிரை மிரண்டது என்று வியப்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சேணம் போடுவது ஒரே நாள் வேலை அன்று. முதலில் ஒரு துணி. அதை முகரவிட்டு, கழுத்தில் தேய்த்து, முதுகில் போட்டு, எடுத்து, மீண்டும் போட வேண்டும். பிறகு சேணம், அங்கவடிகள் இல்லாமல். கடைசியாக வயிற்றுவார். ஆபத்து இருக்கும் இடம் இதுதான். விலாவைச் சுற்றி ஒன்று இறுகுவதைக் குதிரை பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை. வாரை ஒரு துளை இறுக்கி நாலு அடி நடத்த வேண்டும். நிறுத்தி, இன்னொரு துளை இறுக்கி, மறுபடி நடத்த வேண்டும்.

இதைச் சொல்லும்போது எங்கள் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரை எங்களிடம் இருந்தது. நல்ல சாது. துணியைப் போட்ட அன்றே சேணத்தையும் ஏற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அதன் உரிமையாளர் பார்க்க வருவதாக இருந்தார். அவர் முன்னிலையில் ஏறிக் காட்டிவிடலாம் என்று எங்களுக்கு ஓர் ஆசை. சனிக்கிழமை மாலையில், நிற்க வைத்தே வாரை மூன்று துளைகள் இறுக்கினோம். அது அசையாமல் நின்றது. அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் அது மூச்சையே பிடித்துக்கொண்டு நின்றது. ஓர் அடி எடுத்து வைத்ததுதான் தாமதம், முதுகை வில்லாக வளைத்து எகிறியது. சேணம் சரிந்து வயிற்றுக்கடியில் போயிற்று. கால்களுக்கிடையே அடித்துக்கொண்ட சேணத்தைக் கண்டு மேலும் மிரண்டு, வேலியை முறித்துக்கொண்டு ஓடியது. குதிரைக்கு மார்பில் ஒரு சிராய்ப்பு. எங்களில் ஒருவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. இவை ஆறிவிட்டன. ஆனால் அதன் பிறகு வார்க்கொக்கி ஒலித்தாலே அந்தக் குதிரைக்கு உடம்பு நடுங்கும். குதிரையின் நினைவாற்றல் நீண்டது. பயத்தை அது எளிதில் மறப்பதில்லை.

அன்று நாங்கள் பார்க்கத் தவறிய அடையாளங்கள் இவை: அசையாத காதுகள், இறுகிய உதடு, உடலோடு ஒட்டிய வால், ஓரத்தில் தெரியும் வெள்ளை விழி, சேணத்துக்கடியில் சற்றே மேடிட்ட முதுகு. பயமில்லாத குதிரை காதைத் திருப்பும், தலையைத் தாழ்த்தும், மூக்கால் நீளமாக மூச்சு விடும். அந்த மூச்சு கேட்கும்வரை அடுத்த துளைக்குப் போகக்கூடாது.

வாயிரும்பைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பல்லில்லாத ஈறு இருக்கிறதல்லவா, அங்கேதான் அது அமர்கிறது. குளிர்நாட்டு நூல்களில் இரும்பைக் கையில் வைத்துச் சூடாக்கிக் கொடுக்கும்படி எழுதியிருக்கும். நம் ஊரில் வெயிலில் தொங்கிய கடிவாளத்தைத் தண்ணீரில் நனைத்துக் குளிர்வித்துக் கொடுக்க வேண்டும்! கொஞ்சம் வெல்லப்பாகு தடவினால் தானே வாயைத் திறக்கும்.

நம் தட்பவெப்பத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குதிரை வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் விலங்கு. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே குறைந்து, சில வேளை நின்றும் போகிறது. வேலை செய்த பிறகு தோல் உலர்ந்திருக்க, மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் அது ஆபத்து. உடனே நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பயிற்சியைப் பொழுது விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது.

சேணமும் கடிவாளமும் பழகிய பின், நீண்ட வார்கள் இரண்டைப் பூட்டி, குதிரையின் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் நடந்துகொண்டே அதை ஓட்டிப் பழக்குவது ஒரு பழைய முறை. முதுகில் ஆள் இல்லாமலே நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொள்கிறது. அந்தச் சாக்கில் உலகத்தையும் காட்டிவிடலாம்: விரித்த குடை, மோட்டார் சைக்கிள், தகரக் கூரையில் விழும் மழை. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் ஜெனபோன் என்பவர் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இளங்குதிரையைக் கூட்டத்துக்குள் நடத்திச் செல்லுங்கள், சினத்தோடு குதிரையை நெருங்காதீர்கள் என்பவை அவர் சொன்னவை. இத்தனை நூற்றாண்டுகளில் அதற்கு மேல் நாம் அதிகம் கண்டுபிடித்துவிடவில்லை என்றே சில வேளை தோன்றுகிறது.

சரி, ஏறும் நாள் வந்துவிட்டது. மணல் பரப்பிய, ஏறத்தாழ 18 மீட்டர் அகலமுள்ள வட்டத் தொழுவம் வசதியானது. காற்றில்லாத காலை வேண்டும். ஏறுபவருக்குத் தலைக்கவசம் கட்டாயம். மார்புக் கவசமும் இருந்தால் நல்லது. தனியாக ஒருவர் இதைச் செய்யவே கூடாது. ஒருவர் குதிரையின் தலைப்பக்கம், கயிற்றைச் சுற்றிக்கொள்ளாமல் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றவர் ஒரு மேடைக்கட்டையின் மேல் நிற்பார். சில நாட்களுக்கு அவ்வளவுதான் வேலை: குதிரைக்கு மேலே உயரமாக நின்று, சேணத்தைத் தட்டி, கழுத்தைச் சொறிந்து, இறங்கிப் போய்விடுவது. இடக்கண்ணில் தெரிந்த ஆள் திடீரென்று உயர்ந்து வலக்கண்ணிலும் தோன்றும்போதுதான் பல குதிரைகள் மிரள்கின்றன. அந்தக் காட்சி அதற்கு முன்கூட்டியே பழகிவிட வேண்டும்.

பிறகு வயிற்றைச் சேணத்தின் மேல் வைத்து, மூட்டைபோலக் குறுக்கே படுக்க வேண்டும். மூன்று விநாடி. இறங்கிவிட வேண்டும். மீண்டும் பத்து விநாடி. ஏதாவது ஆனால் கால் தரையில் ஊன்றும்படி வழுக்கி இறங்க இந்த நிலைதான் பாதுகாப்பானது. படுத்தபடியே ஓரிரு அடி நடத்திச் செல்லலாம். குதிரை பெருமூச்சு விட்டால், உடலைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே வலக்காலைப் பின்பாகத்தில் உரசாமல் தாண்டி, மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று உட்காருவது அதுவரை செய்ததையெல்லாம் வீணாக்கிவிடும். உட்கார்ந்ததும், பிடரி முடியும் மேட்டில் சொறிந்து கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். முதல் சவாரி இவ்வளவுதான். ஓர் அடிகூட நடக்கவில்லையே என்று பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். போகட்டும். மறுநாள் தலைப்பக்கம் நிற்பவர் ஒரு சுற்று நடத்துவார். நான்கைந்து நாட்களில், அவர் தள்ளி நிற்க, மேலே இருப்பவரின் காலுக்கும் லகானுக்கும் குதிரை தானே நடக்கும்.

அந்தச் செம்பழுப்புக் குதிரைக்கு நாங்கள் மீண்டும் துணியிலிருந்து தொடங்கினோம். வயிற்றுவாருக்குப் பதிலாக அகலமான ஒரு துணிப்பட்டையை விலாவைச் சுற்றிக் கையால் பிடித்துக்கொண்டோம். இறுக்குவோம், மூச்சு விட்டதும் தளர்த்துவோம். எங்கும் கட்டவில்லை, எந்த நேரமும் விட்டுவிடலாம். இதற்கே ஏழு வாரங்கள் ஆயின. உரிமையாளர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து, துணிப்பட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மூன்றாம் மாதத்தில், மழை விட்ட ஒரு காலையில், எங்களில் எடை குறைந்தவர் அதன் மேல் உட்கார்ந்தார். அது ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பிப் பார்த்தது. அவர் சொறிந்து கொடுத்துவிட்டு இறங்கினார். வாரை ஒவ்வொரு துளையாகத் தளர்த்திச் சேணத்தை எடுத்தோம். முதுகில் ஈரமாக இருந்த இடத்தைக் கழுவிவிட்டு, புல்லுக்கு அவிழ்த்துவிட்டோம்.