சிறிதாய்ப் போன சட்டைகளும் நமது சங்கமும்

(ஸ்ரீரங்கத்தில் கூடிய நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் சகோதரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசியவர்கள் பெண் கல்வியையும் கலியாணச் செலவையும் குறித்து மேன்மையான விஷயங்களை எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயமோ மிகவும் அற்பமானதெனத் தோன்றலாம். நம் வீட்டுப் பரண்களிலும் பீரோக்களிலும் கிடக்கின்ற குழந்தைகளின் சட்டை, கவுன், செருப்பு, தொட்டில், மூன்று சக்கர சைக்கிள் ஆகியவற்றைப் பற்றியே பேசப்போகிறேன். இவற்றை ஒருங்கு சேர்த்து, வரும் வைகாசி மாதத்தில் சங்கத்தின் பேரால் மறுபடியும் ஒரு விற்பனை நடத்துவதென நிர்வாக சபையார் தீர்மானித்திருப்பதை அறிவீர்கள். மறுபடியும் என்றேன். முதன்முறை நடத்திய விற்பனை தோற்றுப்போயிற்று. அது தோற்ற காரணத்தை உள்ளவாறு உரைப்பதே என் நோக்கம். அதில் என் பிழையே பெரும்பிழையாதலால், பிறர் மனம் நோகுமென்ற அச்சமின்றிப் பேசலாம்.

பிறர் உடுத்த துணி குழந்தைக்கு ஆகாதென்று நம் முன்னோர் எண்ணியதில்லை. பிறந்த சிசுவைப் பாட்டனாரின் பழைய வேட்டியிலே ஏந்துவது இன்றும் பல இல்லங்களில் உள்ள வழக்கம். பலமுறை துவைத்த நூல் துணியின் மென்மை புதுத்துணிக்கு வாராதென்பதை நம் பாட்டிமார் நன்கறிந்திருந்தனர். பெண் குழந்தையின் பட்டுப்பாவாடைக்கு அடியிலே மூன்று நான்கு மடிப்புப் பிடித்துத் தைப்பார்கள். அவள் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவார்கள். அவளுக்கும் போதாமற் போனால், மீண்டும் மடித்துத் தைத்துத் தங்கைக்கு உடுத்துவார்கள். அக்காலத்தில் பெரியப்பா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் ஒரே கூடத்தில் உறங்கினர். ஆகையால் ஒரு சட்டை கந்தலாகும்வரை வீட்டைவிட்டு வெளியேறவேண்டிய அவசியம் நேரவில்லை. இப்போது வீட்டுக்கு ஒரு குழந்தை, மிஞ்சினால் இரண்டு. அக்காள் பிள்ளை சென்னையில் இருக்கிறான். தம்பி பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். குழந்தை மூன்று மாதம் அணிந்த சட்டை பரணிலே முப்பது வருஷம் கிடக்கிறது. அதே தெருவில், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, சீருடை, செருப்பு, பை என்று கணக்கிட்டுக் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்புகின்ற இல்லங்களும் உள. அவ்வில்லங்களுள் நம் மரபினர் இல்லங்களும் உண்டென்பதை நாம் சபைகளில் சொல்லிக்கொள்வதில்லை.

நிற்க. சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர், “விற்பானேன்? தானமாகவே கொடுத்துவிடலாமே?” என்று வினவினார்கள். நியாயமான கேள்விதான். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையினால் நாகப்பட்டினம் அடைந்த கதியை யாரும் மறந்திரார். நாகப்பட்டினம் நமக்குத் தூரதேசமன்று. தஞ்சாவூர், திருவாரூர் வழியாகச் சில மணிப் பிரயாணம். அவ்வேளையில் தேசமெங்குமிருந்து லாரிகளில் வந்த பழந்துணிகள் கடலோரச் சாலைகளிலே குவியல் குவியலாகக் கிடந்து மழையிலும் மண்ணிலும் வீணாயின. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் கடலில் உழைத்துத் தம் கையால் உண்டு வாழ்ந்த மக்கள், வீட்டையும் மக்களையும் இழந்து நின்ற போதிலும், தெருவிலே கொட்டிய துணியைக் குனிந்து பொறுக்க உடன்படவில்லை. டில்லியில் 1999-ஆம் ஆண்டு அன்ஷு குப்தா என்பவர் தொடங்கிய ‘கூஞ்ச்’ என்னும் ஸ்தாபனத்தார் அவ்வாறு கிடந்த துணிகளை எடுத்துத் தரம் பிரித்துப் பயன்படுத்தினர். அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. துணி அதே துணிதான். பிரித்து, துவைத்து, இன்னாருக்கு இன்னது என்று அறிந்து அளித்தமையே அவர்கள் செய்த வேலை. ஐந்து ரூபாயேனும் கொடுத்து வாங்குகிறவள் புரட்டிப் பார்ப்பாள், பேரம் பேசுவாள், வேண்டாமென்று வைத்துவிட்டுப் போவாள். தானம் பெறுகிறவளுக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. ஆதலின் விற்பனையே நன்று என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி, நாம் தோற்ற கதை. மேல்நாட்டார் இத்தகைய விற்பனையைத் தம் வீட்டு முன்வெளியில் நடத்துவர். ஸ்ரீரங்கத்து வீதிகளிலோ வீட்டோடு வீடு சுவர் ஒட்டி நிற்கும். முன்னே திண்ணை, பின்னே கொல்லை. ஆகவே சித்திரை வீதியில் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையிலே பொருள்களைப் பரப்பினோம். ஒவ்வொன்றின்மேலும் கொடுத்தவர் பெயரை அழகாக எழுதி ஒட்டவேண்டுமென்றது என் யோசனை. உபகாரிகளுக்கு மரியாதை செய்வதாக எண்ணினேன். திரளாக வந்தார்கள், பார்த்தார்கள், காப்பி அருந்தினார்கள், போனார்கள். மாலையில் முக்கால் பங்கு பொருள் அப்படியே இருந்தது.

அன்று ஒரு பெண்மணி, எனக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை, பச்சைப் பட்டுப்பாவாடை ஒன்றை எடுத்துத் தன் மகளின் இடுப்பில் வைத்து அளவு பார்த்தாள். குழந்தையின் முகம் மலர்ந்தது. பிறகு அந்தச் சீட்டைப் படித்தாள். பாவாடையை மடிப்புக் குலையாமல் மடித்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, “வெயில் ஏறிவிட்டது அக்கா, அப்புறம் வருகிறேன்” என்று சொல்லிச் சென்றாள். வரவில்லை. சில நாள் கழித்துக் காரணம் கேட்டேன். “அந்த வீட்டுப் பெண் என் மகளுக்கு ஒரு வகுப்பு மேலே படிக்கிறது. நவராத்திரிக் கொலுவுக்கு இதை உடுத்திக்கொண்டு போனால், ‘இது என் பாவாடை’ என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிடுமே. குழந்தைதானே, அதன் வாயை மூட முடியுமா?” என்றாள். அவளிடம் கோபமில்லை. எனக்குத்தான் இரண்டு இரவு உறக்கம் வரவில்லை.

இதற்குப் பின் சென்ற தை மாதத்தில், பத்து வீட்டுப் பொருள்களை மட்டும் சேர்த்து, பெயர்ச் சீட்டுகளை நீக்கி எண் மாத்திரம் இட்டு, காவிரிக்கு அக்கரையில் உறையூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் சிறு பரீட்சை செய்து பார்த்தோம். காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். ஒன்பதரைக்குள் இரண்டு கூடைகள் மட்டுமே மிஞ்சின. தாயுமானவர் தலபுராணத்திலே, ரத்தினாவதியின் தாய் வெள்ளத்தால் காவிரியைக் கடக்கமாட்டாமல் அக்கரையில் நின்றதாகவும், இறைவனே தாயுருக் கொண்டு இக்கரையிலிருந்த மகளுக்குப் பிரசவம் பார்த்ததாகவும் கேட்டிருக்கிறோம். அன்று தடையாயிருந்த ஆறு இன்று நமக்கு அனுகூலமாயிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் சேர்வன உறையூரிலும் தில்லைநகரிலும் விற்கப்படுக. அங்கே சேர்வன இங்கே வருக. இக்கரைக் குழந்தையின் சட்டையை அக்கரையில் அடையாளம் காண்பார் இலர். 2017-இல் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் ‘அன்புச் சுவர்’ ஒன்று அமைத்து, வேண்டாதவர் வைத்துச் செல்லவும் வேண்டியவர் எடுத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். அதன் நயமும், கொடுத்தவர் இன்னாரென்று எடுப்பவர் அறியாமையே.

நம் சங்கத்து விற்பனைக்கு நம்மவரே வரவேண்டுமென்று சிலர் கூறுகின்றனர். நம்மவர் மட்டுமே வந்தமையால்தான் முதல் விற்பனை தோற்றது என்பேன். எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் வறியவளுக்கு மறைவு இல்லை. மலைக்கோட்டையும் லூர்து மாதா கோவிலும் நத்தர்வலி தர்காவும் ஒருசேர விளங்கும் இவ்வூரில், கதவைத் திறந்துவைத்தால் நம் உறவினளும் கூட்டத்தில் ஒருத்தியாக வந்து வாங்கிச் செல்வாள். வசதியுள்ள சகோதரிகளும் அவசியம் வாங்கவேண்டும். நான் உறையூரில் என் பேரனுக்கு இரண்டு நிஜார் வாங்கினேன். அவற்றைத்தான் இன்றும் அணிந்து அந்தத் தூணைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். இங்கிலாந்தில் 1956-இல் தோன்றிய தேசியப் பிரசவ அறநிலையத்தார் தாய்மாருக்காக நடத்தும் விற்பனைக்கு ‘அநேகமாய்ப் புதியவை’ என்று பெயரிட்டிருக்கின்றனர். நாமும் அறிவிப்புப் பலகையில் ‘பழைய’ என்ற சொல்லை விட்டுவிடலாம்.

விற்கத் தகாதவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இதில் தாட்சணியம் கூடாது. குழந்தையை நடுவில் உட்காரவைத்து உருட்டிச்செல்லும் சக்கர நாற்காலி போன்ற நடைபழக்கியை ஏற்கக்கூடாது. கனடா தேசத்தார் 2004-இலேயே அதனை விற்பதைத் தடுத்து, வீட்டு வாசலில் பழையதாய் விற்பதற்கும் தடை விதித்தனர். கண்மூடித் திறக்குமுன் குழந்தை படியிலே உருண்டுவிடும். நம் மர நடைவண்டி வேறு. அதைக் குழந்தை பின்னின்று தள்ளுகிறது. ஆயினும் சக்கரமும் ஆணியும் சரியாயுள்ளனவா என்று பார்த்தே பெறவேண்டும். மோட்டார் சைக்கிள்களில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தலைக்கவசம் வேண்டுமென 2022-இல் மத்திய அரசார் விதி செய்தனர். எனவே பலர் கேட்பார்கள். ஒருமுறை அடிபட்ட கவசம் வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே உதவாது. அதன் சரித்திரம் நமக்குத் தெரியாதாகையால் அதனை விற்கலாகாது. விளையாட்டுச் சாமான்களுக்கு 1-1-2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்ற விதி 2017-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பொம்மைகளில் வர்ணம் உரிவனவற்றைக் குழந்தை வாயில் வைத்தால் ஈயம் மூளையைத் தாக்கும். பித்தான் போன்ற சிறு மின்கலங்களுள்ள பொம்மைகளில் மூடி திருகாணியால் இறுகியிருத்தல் வேண்டும். பால் புட்டிகளையும் ரப்பர்க் காம்புகளையும் தயவுசெய்து கொண்டுவரவே வேண்டாம்.

பாடப்புத்தகங்களில் ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டில் 2018-19, 2019-20 ஆண்டுகளில் பாடத்திட்டம் முழுதும் மாறிற்று. அதற்கு முன்னுள்ளவை பரீட்சைக்கு உதவா. சீருடைகளைப் பள்ளிவாரியாகப் பிரித்து, பெயர் தைத்த பட்டிகளை நீக்கிவிடவேண்டும். மற்ற உடைகளை 16, 18, 20 என்ற அளவு எண்ணின்படி அடுக்குக; சட்டை ஒரு பக்கம், கவுன் ஒரு பக்கம் என்று வைத்தால், கைக்குழந்தையோடு வருபவள் கூடமெல்லாம் அலையவேண்டும். விலையில்தான் தாய்மாரோடு எனக்குப் பெரும்போர். நாம் கொடுத்த விலை நமக்கு நினைவிருக்கிறது. வாங்குபவளுக்கு அதைப்பற்றி என்ன? நான்கில் ஒரு பங்குக்கு மேல் எதற்கும் விலை வைப்பதில்லை என்றே உறையூரில் முடிவு செய்தோம். வந்த பணத்தை வேண்டுவோர் எண்ணைக் காட்டிப் பெறலாம். மற்றையோர் கல்வி நிதிக்கு விடலாம்.

செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருளை வெளியே கொடோம் என்போர் பலராதலால், புதன், வியாழன்களில் சேர்ப்போம். விற்பனை ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடியும். அக்கினி நட்சத்திரத்தின் கடைசியில், திருச்சிராப்பள்ளி வெயிலில், அதற்குமேல் யார் நிற்பார்கள்? எஞ்சியவற்றை அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆற்றோடு விடும் எண்ணம் வேண்டாம். 2023 மே மாதத்தில் நம் நாட்டு நகரங்களில் பழம்பொருள் பெறும் மையங்களைத் திறந்தார்கள். அத்தகைய இடத்திற் சேர்ப்போம்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் மகன் முதலில் அணிந்த செருப்பு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடேன்.

அந்தப் பச்சைப் பாவாடை இதுவரை விற்கவில்லை, என்னிடமே இருக்கிறது. முதல் விற்பனை முடிந்ததும் அதன் சீட்டைக் கிழித்துவிட்டேன். இம்முறை 41 என்ற எண்ணுடன் உறையூர்க் கூடையில் முதலில் அதை வைக்கிறேன். உங்கள் எண் சீட்டுகளை வாசலில் இரு சகோதரிகள் கொடுப்பார்கள். கைக்குழந்தையோடு வந்தோர் முதலில் பெற்றுக்கொள்ளலாம். வரும் புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடம் திறந்திருக்கும். துவைத்து, அறுந்த பித்தானைத் தைத்துக் கொண்டுவாருங்கள்.