கால் பெருவிரலில் ஊசிப் படிகங்கள்



சூடான தேநீரில் சீனி உடனே கரைந்துவிடும். ஐஸ் தேநீரில் எவ்வளவு கலக்கினாலும் கொஞ்சம் அடியில் தங்கிவிடும். இந்தச் சாதாரண விதிதான் பலருக்குக் கால் பெருவிரலில் கௌட் வலியாக வந்து நிற்கிறது.

உடலின் உயிரணுக்களிலும், ஈரல், நெத்திலி போன்ற உணவுகளிலும் பியூரின் என்ற பொருள் உண்டு. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இதை மேலும் உடைக்கும் நொதி இருக்கிறது, மனிதனுக்கு இல்லை. சிறுநீரகம் வெளியேற்றியது போக எஞ்சியது, யூரேட்டாக இரத்தத்தில் சுற்றி வருகிறது.

37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒரு டெசிலிட்டரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் யூரேட்தான் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 4.5 மில்லிகிராமாகக் குறைகிறது. இதயத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கும் கால்விரல், உடலின் மற்ற பகுதிகளைவிடக் குளிர்ந்தது. முதல் தாக்குதல் பெரும்பாலும் அங்கே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அளவு மிஞ்சிய எல்லாருக்கும் கௌட் வருவதில்லை. படிகம் உருவாக ஒரு தொடக்கம் வேண்டும். அது உருவாகிவிட்டால், தட்டையான யூரேட் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரே திசையில் நீள்கின்றன. அதனால்தான் இந்தப் படிகங்களுக்கு ஊசி வடிவம். 1961-ஆம் ஆண்டு மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், நோயாளிகளின் மூட்டு நீரில் இந்த ஊசிகளை நுண்ணோக்கி வழியே அடையாளம் கண்டனர். வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்க முயலும்போதுதான் வீக்கமும் தாங்கமுடியாத வலியும் உண்டாகின்றன.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். சில நாட்களில் வலி அடங்கிவிடுகிறது. நோய் போய்விட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வலி மாத்திரை வீக்கத்தைத்தான் தணிக்கிறது. படிகங்கள் மூட்டிலேயே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் எலும்பையே அரித்துவிடும்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. கரைசலில் அளவு குறைந்தால், சேர்ந்த படிகம் தானாகவே கரையத் தொடங்கும். அதனால்தான் யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது 360 மைக்ரோமோலுக்குக் கீழே வைத்திருக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். 1960-களில் பயன்பாட்டுக்கு வந்த அலோபியூரினால் மருந்து, அமிலம் உற்பத்தியாவதையே குறைக்கிறது. இதை உருவாக்கிய எலியன், ஹிட்சிங்ஸ் இருவரும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

தொடக்க மாதங்களில் படிகங்கள் கரையும்போது வலி மீண்டும் வரலாம். அதைக் கண்டு தாங்களாகவே மருந்தை நிறுத்தக்கூடாது. மருத்துவரிடம் பேச வேண்டும். ஆனால் தோலில் தடிப்பு கண்டால் மருந்தை உடனே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வலி நின்றால் போதாது. படிகம் கரைய வேண்டும். அதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.