ஆலயக் கூரைத் திருப்பணி: தீர்மானிக்க வேண்டிய சில காரியங்கள்

(நூற்றாண்டு விழா ஆயத்தக் கூட்டத்தில் திருப்பணிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவுக்குத் தேர் புதிதாகச் செய்யலாமா, மின்விளக்கு அலங்காரம் எத்தனை நாள் என்றெல்லாம் பலரும் எங்களைக் கேட்கிறீர்கள். பீடத்துக்கு மேலே மூன்று இடத்தில் ஒழுகுகிற கோவிலுக்கு வெளியே விளக்குத் தோரணம் கட்டுவதில் எங்கள் குழுவுக்கு மனமில்லை. ஆகவே இன்று கூரையைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறோம்.

நம் கோவில் ஓட்டில் 1868 என்று பொறித்திருப்பதைப் பார்த்த பிள்ளைகள், கோவிலுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, நாம்தான் நூறு என்று குறைத்துச் சொல்கிறோம் என்று நினைக்கிறார்கள். அது ஓடு செய்த ஆண்டல்ல, தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. 1865-இல் பாசல் மிஷன் என்ற ஜெர்மானிய, சுவிஸ் சபையார் மங்களூரில் நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண்ணை எடுத்து, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் இந்தத் தட்டை ஓட்டை இயந்திரத்தில் அச்சிட்டுச் சுடத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1868-இல், பாஸ்கல் அல்புகெர்க் என்ற மங்களூர்க் கத்தோலிக்கர் தாமும் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். நம் முன்னோர்கள் தருவித்தது அந்தக் கத்தோலிக்கர் வீட்டு ஓடு. நாட்டு ஓட்டையே பார்த்துப் பழகியவர்கள் இதைச் சீமை ஓடு என்று அழைத்தார்கள். சீமை எங்கே, மங்களூர் எங்கே!

இந்தக் கூரை நூறு மழைக்காலம் தாங்கியது சாதாரணமல்ல. அதைக் கெடுத்தது வயது மட்டுமல்ல, புயலும்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா, தெற்குச் சரிவில் ஓட்டை வாரிக்கொண்டு போயிற்று. அப்போது ஊரெல்லாம் ஓட்டுக்கு அலைந்தது. கிடைத்த ஓட்டைக் கிடைத்த விலைக்கு வாங்கிச் செருகி, அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் பூசையை நனையாமல் நடத்தினோம். ஆனால் வெவ்வேறு ஆலை ஓடுகளின் அளவும் பள்ளமும் ஒத்துப்போகா. கவ்வாத ஓட்டின் சந்தில் காற்றோடு அடிக்கும் மழை உள்ளே ஏறிவிடும். இன்று ஒழுகும் இடங்களில் பெரும்பாலானவை அந்த ஒட்டுகள்தாம்.

வேலைக்கு ஆள் பேசுவதற்கு முன், கூரையை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினோம். நம் பங்கின் மூத்த தச்சர் ஒருவரைக் கூலி பேசி மேலே ஏற்றினோம். அவர் ஒரு திருப்புளியோடு ஏறி, ஒவ்வொரு மரத்தையும் குத்திப் பார்த்தார். தேக்கு முக்கோணச் சட்டங்கள் அத்தனையும் திடமாக இருக்கின்றன, திருப்புளி இறங்கவில்லை. பனங்கைகளில் நடுப்பகுதி வைரம் பாய்ந்து கிடக்கிறது, ஆனால் சுவரின் மேல் உட்காரும் நுனிகளைக் கரையான் தின்றிருக்கிறது. ஓட்டைத் தாங்கும் ரீப்பர்கள் பாதிக்கு மேல் தேறா. கூடல்வாய்த் தகடு துருவேறிச் சல்லடையாகிவிட்டது. ஓடுகளைத் தட்டிப் பார்த்தால் பல இன்னும் கணீரென்று ஒலிக்கின்றன. மந்தமாக ஒலிப்பவற்றில் விரிசல் உண்டு.

இதைச் சொல்லியும் சிலர், "பழையதைக் கட்டி ஏன் அழ வேண்டும்? பிரித்துப் போட்டுவிட்டுத் தளம் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். ஆசை நியாயமானதே. கணக்கைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஏறக்குறைய 150 ஓடு. ஓடு ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ என்றாலும் சதுர அடிக்கு நான்கு கிலோவைத் தாண்டாது. மரத்தையும் சேர்த்து ஐந்தாறு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால் சதுர அடிக்குச் சுமார் முப்பது கிலோ. நம் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அதில் இரும்பும் இல்லை, தூணும் இல்லை. அந்தச் சுவர்மேல் ஐந்து மடங்கு பாரத்தை ஏற்றச் சொல்லும் ஒப்பந்தக்காரர் யாராயினும், அவரை வணங்கி வழியனுப்பிவிட வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

வர்ணத் தகடு மலிவு, சீக்கிரமும் முடியும். ஆனால் ஐப்பசி மழை அதன்மேல் விழும்போது பிரசங்கம் யார் காதிலும் விழாது (சிலருக்கு அது வசதியாக இருக்கலாம்). சித்திரை வெயிலில் உள்ளே உட்காரவும் முடியாது. ஓட்டுச் சந்து வழியே வெளியேறும் வெக்கை தகட்டில் வெளியேறுவதில்லை. ஆஸ்பெஸ்டாஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திருப்பண்ட அறைக்கு மேல் ஏற்கனவே இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டைகளைக் கழற்றும்போதும் உடைக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். பிள்ளைகளை அன்று வளாகத்துக்குள் விட வேண்டாம்.

ஆகவே குழுவின் பரிந்துரை இது: தேக்குச் சட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, நுனி கெட்ட பனங்கைகளையும் ரீப்பர் முழுவதையும் மாற்றுவது. நல்ல பழைய ஓடுகளைத் தேர்ந்து, கழுவி, எல்லாவற்றையும் வடக்குச் சரிவில் மட்டும் போடுவது. தெற்குச் சரிவு முழுவதற்கும் ஒரே ஆலையின் புது ஓடு வாங்குவது. இரண்டையும் கலக்கக் கூடாது. ஓரத்து வரிசையிலும் முகட்டுக்கு அடுத்த வரிசையிலும் ஓட்டின் அடியில் உள்ள துளையில் கம்பி கோத்து ரீப்பரோடு கட்ட வேண்டும். அந்தத் துளை அதற்காகவே இருக்கிறது, யாரும் கட்டுவதில்லை.

இனி வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

அரசர்கள் வரலாற்றில் யோவாஸ் அரசன் காலத்துக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆலயத்தைப் பழுது பார்க்கச் சொல்லி இருபத்துமூன்றாம் ஆண்டு வரை குருக்கள் ஒன்றும் செய்யவில்லை. பிறகு குரு யோயாதா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டு வைத்துக் காணிக்கை சேர்த்தார். வேலையாட்களுக்குக் கொடுக்கும்படி பணம் பெற்றவர்கள் நேர்மையாக நடந்ததால், அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லையாம். நம் பங்குத்தந்தை வந்த முதல் ஆண்டிலேயே பெட்டி வைத்துவிட்டார். ஆனால் கணக்கு விஷயத்தில் நாம் அந்தக் காலத்தைப் பின்பற்றப் போவதில்லை. பெட்டியில் விழுந்தது நாற்று நட்ட கூலியும், வலை இழுத்த பங்கும். ஒரு விதவைத் தாய் தன் காதுத் தோட்டைக் காகிதத்தில் மடித்துப் போட்டிருந்தார். பக்கத்துப் பங்கு ஒன்றில் பாதிப் பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்ட ஒப்பந்தக்காரர், கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். அவர்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் திருப்பலி கண்டார்கள்.

நமக்கு மூன்று விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன. குறைந்த தொகையைப் பார்த்ததும் பலருக்கு மகிழ்ச்சி. அந்தத் தாளைத் திரும்பப் படித்தோம். சாரம் கட்டும் செலவு அதில் இல்லை, பழைய ஓட்டை இறக்கி அடுக்குவது இல்லை, ரீப்பர் என்ன மரம் என்று இல்லை, ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்றும் இல்லை. விட்டுப்போனவற்றைக் கூட்டினால் அதுவே மூன்றிலும் அதிகமாகிறது. எனவே மூவருக்கும் ஒரே பட்டியலை எழுதிக் கொடுத்து, அதன்படி மறுபடி விலை கேட்டிருக்கிறோம்.

அவர்களில் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். நம்மவருக்கே கொடுங்கள் என்று ஒரு சாராரும், நம்மவருக்குக் கொடுத்தால் கேள்வி கேட்க முடியாது என்று மற்றொரு சாராரும் எங்களிடம் வந்தார்கள். இரண்டு பக்கமும் கோபம் இருக்கிறது. அது எங்களுக்குத் தெரியும். எங்கள் முடிவு: அவர் மற்ற இருவரைப் போலவே கருதப்படுவார், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மூவரும் ஐந்தாண்டுக்கு முன் போட்ட ஓட்டுக்கூரை ஒன்றைக் காட்ட வேண்டும். நேற்று முடித்த வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அந்த வீட்டாரிடமும் கோவிலாரிடமும் மழையில் எப்படி இருக்கிறது என்று நாங்களே கேட்போம். வேலையைத் தாமே செய்வாரா, இன்னொருவருக்குக் கைமாற்றி விடுவாரா என்றும் கேட்போம்.

பணம் கொடுக்கும் முறையையும் எழுதி வைப்போம். ஓடும் மரமும் வளாகத்தில் வந்து இறங்கிய பிறகே முதல் தவணை. கடைசிப் பத்தில் ஒரு பங்கு, வரும் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத அடைமழையும் ஒழுகாமல் கழிந்த பின். இதற்குச் சம்மதிக்காதவர் தம் வேலையைத் தாமே நம்பாதவர்.

கூரைமேல் ஏறுகிறவர்களைப் பற்றி ஒன்று. முகடு முப்பதடிக்கு மேல். இடுப்புக் கயிறு இல்லாமல் ஒருவரையும் ஏற்ற விடமாட்டோம். ஆட்கள் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவானவர்களா என்றும், விபத்துக் காப்பீடு உண்டா என்றும் பார்ப்போம். இதனால் செலவு கூடும் என்று ஒருவர் குறைப்பட்டார். கூடட்டும். கோவில் கூரையிலிருந்து விழுந்த ஒருவரின் பிள்ளைகளை முகம் பார்த்துப் பேச எங்களால் முடியாது.

வேலை உயிர்ப்புத் திருவிழாவுக்கு மறுவாரம் தொடங்கி ஆடிக்குள் முடிய வேண்டும். ஒரே நாளில் முழுக்கூரையையும் பிரிக்காமல் பகுதி பகுதியாகப் பிரித்து மூடுவார்கள். அந்த நாட்களில் ஞாயிறு திருப்பலி கெபியின் முன் பந்தலில் நடைபெறும்.

மறுவிலைப்புள்ளிகள் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மனையின் தாழ்வாரத்தில் எல்லார் முன்னிலையிலும் பிரிக்கப்படும். கேள்வி உள்ளவர்கள் அங்கே வந்து கேளுங்கள். டீக்கடையில் கேட்டால் எங்களுக்குக் கேட்காது. இன்னொரு வேண்டுகோள்: வீட்டைப் பிரித்துத் தளம் போட்டவர்கள் சிலர் கொல்லையில் பழைய ஓடு அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அவற்றில் நம் கோவில் ஓட்டில் உள்ள அதே ஆலை முத்திரை இருந்தால் உபதேசியாரிடம் எண்ணிக்கை சொல்லுங்கள். வடக்குச் சரிவுக்கு இன்னும் சில நூறு ஓடு குறைகிறது.