கை அறிந்த தொழில்



உயிருக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடுகிறவன் எதை எடுத்துக்கொண்டு ஓடுவான்? நிலத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. கிணற்றைத் தோளில் சுமக்க முடியாது. பத்திரம் நனைந்துபோகும், நகை படகுக் கூலிக்கே சரியாகிவிடும். கரையேறும்போது அவனிடம் மிஞ்சி நிற்பது அவன் கையும், அந்தக் கை அறிந்த தொழிலும்தான். அகதிகளுக்கு உதவ விரும்பும் வணிகர்களும் தொழிலதிபர்களும் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது இதுவே. கோவையில் பம்பு செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறவன் என்ற முறையில், நான் கண்டதையும் பிழைபட்டதையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்த இந்திய வமிசாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று அதில் முடிவாயிற்று. அவர்கள் சட்டப்படி அகதிகள் அல்லர், தாயகம் திரும்பியோர். ஆனால் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பத்துக்கு அந்தச் சொல் வேறுபாடு சோறு போடவில்லை. வேலைதான் சோறு போட வேண்டியிருந்தது.

அவர்களுக்குக் காட்டப்பட்ட வழிகளில் இரண்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 1968-இல் நீலகிரியில் அரசு ஒரு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கொழுந்து கிள்ளத் தெரிந்த கைக்கு அங்கே கொழுந்து கிள்ளும் வேலை கிடைத்தது. குறைகள் இல்லாமல் இல்லை. ஆயினும் அங்கே சேர்ந்தவர் தம் பிழைப்பைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. மற்றொரு வழி வியாபாரக் கடன். வாழ்நாளெல்லாம் தேயிலைச் செடியோடு பழகியவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, சமவெளியில் கடை வைத்துப் பிழைத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். தராசு பிடித்தறியாதவர், ஊர் வழக்கம் தெரியாதவர், கடன் சொல்லிப் போகிறவனிடம் கறாராகப் பேசப் பழகாதவர் என்ன வியாபாரம் செய்வார்? பலருடைய முதல் கரைந்தது. அவர்களுள் பலர் மீண்டும் மலையேறி, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கூலி வேலை தேடினார்கள். “உமக்கு என்ன தெரியும்?” என்ற கேள்வியை முதலில் கேட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் நேர்ந்திராது.

1983-ஆம் ஆண்டுக்குப் பின் வந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் போருக்கு அஞ்சிக் கடல் கடந்த ஈழத் தமிழர்கள். 2021-இல் தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அவ்வாண்டில் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி, மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டது. முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்றார்கள். 1984-இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் அவர்களுடைய படிப்புக்குத் துணை நின்றன. பட்டம் வந்தது; வேலை வரவில்லை. முகாம் ஆண்களில் பலருக்கு வாய்த்த தொழில் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவதுதான். பொறியியல் படித்தவரும் வாளியும் தூரிகையுமாகச் சாரத்தில் ஏறினார்.

அப்படி ஒருவர் என் பட்டறைக்கும் வந்தார். சுவருக்கு வண்ணம் பூசுவதற்காக, அதில் மாட்டியிருந்த ஒரு வரைபடத்தைக் கழற்றியவர், அதைச் சற்று நேரம் உற்று நோக்கினார். பிறகு என்னிடம் வந்து, “ஐயா, இதில் ஓர் அளவு விடுபட்டிருக்கிறதே” என்றார். பார்த்தேன், உண்மைதான். ஆறு மாதமாக எங்கள் கண்ணில் படாத பிழை அது. விசாரித்தபோது, இயந்திரப் பொறியியல் படித்தவர், முகாமில் இருக்கிறார் என்று தெரிந்தது. வேலை தரலாமா என்று என் அலுவலகத்தில் கலந்து பேசினேன். “முகாமில் இருப்பவர், பின்னால் ஏதாவது தொல்லை வந்தால்?” என்றார்கள். என்ன தொல்லை என்று நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கூலியை வாங்கிக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். சுவர் அழகாயிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாயிருந்தது.

ஓராண்டு கழித்து, முகாம் இளைஞர் இருவரைப் பழகுநராகச் சேர்த்தேன். அவர்களிடம் நான் கற்ற பாடங்கள் மூன்று.

முதலாவது, பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் தர வேண்டும். அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் குடும்பம், பிள்ளையை ஆறு மாதம் வெறுங்கையோடு பயிற்சிக்கு அனுப்ப இயலாது. இலவசப் பயிற்சி என்று நாம் பெருமையாகச் சொல்வது, அவர்களுக்குக் கூலி இழப்பு.

இரண்டாவது, அவர்களுடைய வாழ்க்கை முறையை அறிந்து வேலையை அமைக்க வேண்டும். முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளில் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும். அந்த நாளுக்கு விடுப்புக் கொடுப்பதால் எந்தப் பட்டறையும் நின்றுபோகாது. தொலைவுக்கு வர இயலாத பெண்களுக்கு, முகாமின் அருகிலேயே தையற்கூடமோ பொட்டலமிடும் கூடமோ அமைக்கலாம்.

மூன்றாவது, கற்ற தொழிலுக்குச் சான்றிதழ் தர வேண்டும். நாளை அவர் யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ திரும்பினாலும், அந்தத் தாளும் அந்தத் தேர்ச்சியும் உடன் போகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முறையிடத் தயங்குகிறவர் என்பதற்காக அகதியைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்வது உதவியன்று, அது சுரண்டல். அதே வேலைக்கு அதே கூலி. அதைவிடக் குறைத்துக் கொடுப்பதற்கு இரக்கம் என்று பெயரிடக் கூடாது.

தொழிலதிபர்களே, நன்கொடை கேட்டு நான் உங்களிடம் வரவில்லை. உங்கள் வாயிலில் வந்து நிற்பவரிடம், “எங்கிருந்து வருகிறீர்?” என்று கேட்பதற்கு முன்னால், “என்ன வேலை தெரியும்?” என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய ஒரு நாளில், நல்ல பொறியாளர் ஒருவர் என் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டுப் போனார். அந்த இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று, எனக்கும் உரியது.