ஒரே காட்சி, ரெண்டு நோட்டு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். தப்பா ஏதாவது சொன்னா பொறுத்துக்கோங்க.

போன வருஷ விழாவுக்குக் கந்துவட்டி பத்தி ஒரு நாடகம் போட்டோமே, ஞாபகம் இருக்கா? அதை நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்துதான் எழுதினோம். நோட்டீசில் அவர் பேர் மட்டும் வந்துச்சு. யாரும் வேணும்னு செய்யலை. எழுதினது ஆம்பளையாத்தான் இருக்கும்னு நினைச்சிருப்பாங்க. "விடு, ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்றார் அவர். எனக்கு ஒண்ணாத் தெரியலை. ரெண்டு நாள் சரியா முகம் கொடுத்துப் பேசலை.

அந்தச் சமயத்தில் என் மக பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஆன் ஃபிராங்க் டைரியை எடுத்து வந்தா. ஹிட்லர் ஆளுங்களுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பக்கத்தில் 8 பேர் ரெண்டு வருஷத்துக்கு மேல ஒளிஞ்சிருந்தாங்க. அதில் ஒரு யூதப் பொண்ணு எழுதின டைரி அது. அதை நாடகமாக்கினது ஒரு கணவன் மனைவின்னு அவங்க டீச்சர் சொன்னாங்களாம். அன்னைக்கு ராத்திரியே செல்போனில் தேட வெச்சேன்.

அமெரிக்காக்காரங்க. அந்தம்மா பேர் ஃபிரான்சஸ் குட்ரிச், அவர் பேர் ஆல்பர்ட் ஹாக்கெட். ரெண்டு பேருமே முதல்ல மேடையில் நடிச்சவங்க. அந்தம்மா அவரைவிட 9 வயசு மூத்தவங்க, முன்னாடி ரெண்டு கல்யாணம் முறிஞ்சவங்க. (நம்ம ஊர்ல என்ன பேச்சு பேசியிருப்பாங்க!) 1931இல் கல்யாணம். அப்புறம் சினிமாவுக்குப் போய், துப்பறியும் புருஷன் பொண்டாட்டி கேலியும் கிண்டலுமாப் பேசிக்கிற 'தி தின் மேன்' படத்துக்கு 1934இல் வசனம் எழுதினாங்க. அந்தப் பேச்சு வீட்டிலிருந்தே வந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

எனக்குப் பிடிச்சது அவங்க எழுதின விதம். 'நீ இதை எழுது, நான் அதை எழுதுறேன்'னு பிரிச்சுக்கலை. ஒரே காட்சியை ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுவாங்க. மாத்திக்கிட்டுப் படிச்சு, குறை சொல்லி, மறுபடி எழுதுவாங்க. கடைசியில் எந்த வரி யாருதுன்னு பிரிக்க முடியாது. அதனாலதான் ரெண்டு பேரும் வேணும்.

டைரி நாடகத்தை 8 தடவை திருத்தி எழுதினாங்க. முதல்ல எழுதினது அந்தப் பொண்ணோட அப்பா ஆட்டோ ஃபிராங்குக்கே பிடிக்கலை. குடும்பத்தில் உயிரோட திரும்பினது அவர் ஒருத்தர்தான், அவர்கிட்ட எப்படிச் சமாதானம் சொல்ல முடியும்? 1954 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமுக்கே போய் அந்த இடத்தைப் பார்த்து, அவர்கிட்ட பேசிட்டு வந்து மறுபடி எழுதினாங்க. 1955 அக்டோபரில் நியூயார்க்கில் நாடகம் மேடை ஏறிச்சு. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு, ரெண்டு பேர் பேரிலயும். 1959இல் படமா வந்தப்பவும் திரைக்கதை அவங்கதான். அந்தப் பொண்ணு யூதப் பொண்ணுங்கிறதை நாடகத்தில் குறைச்சுட்டாங்கன்னு குறை சொன்னவங்களும் உண்டு. அது சரியான கேள்விதான்னு டைரியைப் படிச்சப்ப எனக்கும் பட்டுச்சு. 1984இல் அந்தம்மா இறக்கிற வரைக்கும் சேர்ந்தே வாழ்ந்தாங்க.

இதை வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசலை. மறுநாள் மகளோட பழைய நோட்டு ரெண்டை எடுத்து வந்து, ஒண்ணை என்கிட்ட கொடுத்தார்.

இந்த வருஷ நோட்டீசில் ரெண்டு பேர் பேரும் இருக்கு, பார்த்திருப்பீங்க. ஆனா கடைசிக் காட்சிதான் இன்னும் முடிவாகலை. மருமக திரும்பி வரணும்னு அவர் எழுதியிருக்கார், வரக் கூடாதுன்னு நான் எழுதியிருக்கேன். நடிக்கிற பிள்ளைங்க ரெண்டையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க. நாடகம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். யாரும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடாதீங்க.