ஐந்து வரி வீட்டுப்பாடம்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசும்படிதான் சங்கத்தினர் கேட்டார்கள். ஆண்டு ஆறில் நாம் படித்த ஆங்கிலப் பாடத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்பது முடிவில் விளங்கும்.

அது 1990களின் தொடக்கம். பாடம் தொடங்கியதும் பத்துச் சொற்கள் சொல்வதெழுதுதல். பிழைத்த சொல்லை ஐந்து முறை எழுத வேண்டும். பிறகு வாசிப்பு. மணி அடிக்கும்போது வீட்டுப்பாடம்: புத்தகத்தில் ஒரு பக்கம் பார்த்தெழுதி, இடைவெளிகளை நிரப்பி வரவேண்டும்.

வீட்டுப்பாடம் செய்ய முதலில் வீடு வேண்டும். எங்களுக்கு இருந்தது லயத்தில் ஒரு காம்பிரா. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை தண்ணீரும் விறகும் தம்பியும் என் பொறுப்பு. இருந்த ஒரு குப்பி லாம்பு சமையல் முடிந்த பிறகுதான் என் கைக்கு வரும். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான். அப்பா படித்த காலத்தில் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி.

ஆகவே, காலையில் டவுன் தோழி ஒருத்தியின் கொப்பியைப் பார்த்து எழுதினேன். ஒரு நாள், 'என் பெயர்' என்று தொடங்கும் வாக்கியத்தில் அவளுடைய பெயரையே எழுதிவிட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"வீட்டுல யாரு சொல்லித்தருவா?"

"யாரும் இல்லீங்க டீச்சர்."

மறுநாள் முழு வகுப்புக்கும் வீட்டுப்பாடம் மாறியது. நேற்றுப் பார்த்த ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுத வேண்டும். யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது, பிறகு என்ன? தெரியாத சொல்லைத் தமிழில் எழுதலாம். அந்தச் சொல்தான் அடுத்த நாள் சொல்வதெழுதுதலில் வரும்.

ஆங்கிலமே தெரியாது என்று நாங்கள் முணுமுணுத்தோம். டீச்சர் கரும்பலகையில் பெரட்டு, லயம், செக்ரோல், ஸ்டோர் என்று எழுதினார். "இதெல்லாம் எந்த மொழியிலிருந்து வந்தது? உங்கள் வீட்டில் ஆங்கிலம் இல்லையென்று யார் சொன்னது?" என்று கேட்டார்.

அவர் ஒவ்வொரு நாளும் எல்லாக் கொப்பிகளையும் பார்த்தார். ஒரு கொப்பியில் ஒரு பிழையை மட்டுமே திருத்தினார். அன்றைக்கு அந்த ஒன்றைக் கற்றால் போதும் என்பார்.

பல ஆண்டுகள் கழித்து, மருத்துவ மாணவியாக முதன்முதலில் வார்டில் நின்றேன். நோயாளியின் வரலாற்றை ஆங்கிலத்தில் சொல்லும்படி பேராசிரியர் கேட்டார். கை நடுங்கியது. யார், எங்கே, எப்போதிருந்து, என்ன, பிறகு என்ன? ஐந்து வரி சொன்னேன். மருத்துவ வரலாறு என்பது அதுதான்.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சிரமமானது. அந்த டீச்சர் இடமாற்றம் பெற்றுப் போனபின், வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. என் பக்கத்தில் இருந்தவளுக்கு மூன்று தம்பிமார். வாரத்தில் பாதி நாள் வெளியேதான் நின்றாள். ஆண்டு ஒன்பதோடு நின்றுவிட்டாள்.

சில வருடங்களுக்கு முன் அவள் என் கிளினிக்குக்கு வந்தாள். கொப்பியை நீட்டி, "இதுல என்னா எழுதியிருக்குங்க, டொக்டர்?" என்றாள். நான் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆனால் நோயாளியின் கொப்பியில் மருத்துவர்கள் நாங்கள் எழுதுவது ஆங்கிலத்தில்தான். தன் உடம்பில் என்ன நோய் என்பதை அவள் என்னிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. ஐந்து வரி எழுதும் வழி அன்று எனக்குத் தெரியும். இடைவேளையில் பத்து நிமிடம் அவளோடு உட்கார்ந்திருக்கலாம். நான் உட்காரவில்லை.

சகோதரிகளே, நூற்றாண்டுக்கு ஒரு நினைவுக்கல் வைக்கலாம். அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். பாடசாலை விட்டதும் ஒரு மணி நேரம், ஆறு முதல் எட்டு வரையான பிள்ளைகள் இங்கேயே வீட்டுப்பாடம் செய்துவிட்டுப் போகட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணிசுக்கும் தேநீருக்கும் பஸ் காசுக்கும் பொறுப்பேற்கலாம். தலவாக்கலையிலும் பக்கத்திலும் இருப்பவர்கள் முறைவைத்துப் பிள்ளைகளோடு உட்காரலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளை நான் தருகிறேன்.

வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குப் பாடசாலைதான் வீடு. அந்த வீட்டில் ஒரு விளக்கு எரியட்டும்.